போன வருஷத்து ஓலை

தவக்காலத்துக்கு முந்திய ஞாயிறு
கோயில் வாசலில் ஓர் அட்டைப்பெட்டி வைப்போம்.
போன வருஷத்துக் குருத்தோலைகளை
இதில் போடவும் என்று
மூன்று மொழியில் எழுதி ஒட்டுவது என் வேலை.
சீன வரியை மட்டும் மரியா கோ எழுதித் தருவார்.

சிலர் நெகிழிப் பையோடு போடுகிறார்கள்.
சிலர் மாதா படத்தின் பின்னால்
ஆண்டு முழுதும் சேர்ந்த தூசியோடு.
கார்க் கண்ணாடியில் தொங்கி வெளுத்தவை,
பல்லி முட்டை ஒட்டியது ஒன்று.
யாரோ தண்ணீர்க் கட்டணச் சீட்டையும்
சேர்த்துப் போட்டுவிட்டார்கள்;
எடுத்து வைத்திருக்கிறேன், புளோக் எண் தெரிகிறது.

கார் நிறுத்துமிடத்தின் கடைசி மூலையில்
பிஸ்கட் டின்னில்தான் எரிப்பு.
கிளாரன்ஸ் டே தீயணைப்பானைக் கட்டிப்பிடித்தபடி
ஊரே எரிகிறாற்போல் நிற்பார்.
எதிர் புளோக் ஐந்தாம் மாடியில்
துணி காயப்போடும் பெண்மணி
சன்னலைச் சாத்துவார்,
எங்களுக்குக் கேட்கும்படி.

உதிரி ஓலைகள் பொசுக்கென்று பற்றி
பொசுக்கென்று அடங்கின.
அடங்காமல் கிடந்தவை
பின்னிய சிலுவைகள்.
அவ்வளவு இறுக்கம்.
ஓரம் கருகியும் நடுவில் அந்தச் சின்ன ரோஜா
விரிய மாட்டேன் என்றது.
ஒன்று, இரண்டு, ஏழு, பதினொன்று.
எல்லாம் தஸ்நேவிஸ் பின்னியவை.

செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டர்.
ஓவர்டைம் முடித்து
ஐந்தரைத் தமிழ்ப் பூசைக்கு ஓடிவருவான்,
சோப்பு வாசத்தின் அடியில் இரும்பு வாசம்.
போன குருத்தோலை ஞாயிறன்று
பவனி கிளம்பும் நேரம் பார்த்து மழை.
கூடத்தில் நாற்பது நிமிடம் அடைந்து கிடந்தோம்.
சும்மா இருக்க முடியாமல்
மரிசெல் மகனுக்கு ஒன்று பின்னிக் கொடுத்தான்.
பக்கத்துப் பிள்ளை அழுதது, இன்னொன்று.
பிறகு ஒரு வரிசை.
இந்த ஊரில் வரிசை நின்றால்
எதற்கென்று கேட்காமலே பின்னால் நிற்பார்கள்.
அடுத்த பூசைக்கு வந்த சீனப் பாட்டாளிகள்,
பாடகர் குழுவினர், ஃபாதர் இன்னாசியே கூட.
தீப்பொறி தின்ற விரல்கள்
எப்படி அவ்வளவு மெல்ல மடித்தன
என்று யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.

ஆகஸ்டில் அவன் பெர்மிட் முடிந்தது.
அறிவிப்புத் தாளில்
அன்னதானக் குழு, கல்லறைத் திருப்பலி, குடில் போட்டி
எல்லாவற்றுக்கும் இடமிருந்தது.
தூணோரம், மின்விசிறிக்கு நேர் கீழே
அவன் உட்காரும் இடத்தில்
இப்போது ஒரு தள்ளுவண்டிக் குழந்தை தூங்குகிறது.

குச்சியால் குத்திக் குத்தித்தான்
அந்தப் பதினொன்றையும் சாம்பலாக்கினேன்.
என் வீட்டு டீ வடிகட்டியில் சலித்தேன்.

புதன்கிழமை நான்கு பூசை.
மதிய உணவு நேரத்தில்
கழுத்தில் அலுவலக அட்டை தொங்க ஒரு கூட்டம்.
மண் என்பதை மறவாதே என்று சொல்லிச் சொல்லி
ஃபாதர் குரல் கம்மியது.
கிளாரன்ஸ் நெற்றியில் கொஞ்சம்.
மரியா கோவின் மூக்குக்கண்ணாடியில் கொஞ்சம் உதிர்ந்தது.
எல்லோரும் அப்படியே ரயில் ஏறினார்கள்.
ஈசூனிலிருந்து மரீனா பே வரைக்கும்
அவன் போய்க்கொண்டிருந்தான்.

ஆறு வாரம் கழித்து
ஜொகூர் லாரி புது ஓலை இறக்கியது.
சாமான் அறையில், குடிலின் கால் உடைந்த ஆட்டுக்கும்
அடுக்கிய நாற்காலிகளுக்கும் நடுவில்
ஒரு ஓலையோடு உட்கார்ந்தேன்.
மூன்றாவதும் கிழிந்ததும் வாட்ஸ்அப்பில் அழைத்தேன்.

போலந்தில் இருக்கிறான். ஏதோ கிடங்கு வேலை.
முகத்துக்குப் பின்னால் எல்லாமே வெள்ளை.
"பனிமய மாதா பேரை வச்சதுக்கு
பனியவே தந்துட்டாங்கக்கா" என்று சிரித்தான்.
"இங்க ஓலையே கெடையாது.
ஒரு குச்சி, அதுல பூனைக்குட்டி ரோமம் மாதிரி மொட்டு.
அதத்தான் புடிச்சிட்டுப் போறோம், பவனில."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
இங்கே இடி, அங்கே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

"போனக் கீழ காட்டுங்க... இன்னும்...
ஐயோ அக்கா,
மொத மடிப்பே தப்பு."

பிரித்தேன்.